5 ஏக்கரில் பள்ளி: இப்ப 6 அறை, பின்னால் பிளஸ் டூ. எதை முதலில் தீர்மானிக்கணும்?

குளக்கரை:
புதுக்கோட்டை பக்கம் அறக்கட்டளை நிலம் 5 ஏக்கர். செம்மண், மேற்கிலிருந்து கிழக்கே லேசான சரிவு. 1 முதல் 5 வரை தொடங்குறோம், பத்து வருஷத்தில் பிளஸ் டூ வரணும். கைக்காசுக்கு இப்ப 6 அறைதான். பிறகு எதையும் இடிக்காம வளர்க்க என்ன செய்யணும்? 400 மீட்டர் ஓடுதளமும் வேணும்னு கமிட்டியில் பிடிவாதம்.

மூலமட்டம்:
ஓடுதளத்தை மறந்துடுங்க. 8 தடத்தோட அது 177-க்கு 93 மீட்டர், அதுவே 4 ஏக்கர். 200 மீட்டர், 4 தடம்னா ஏக்கர் ஒண்ணுக்குள்ள அடங்கும். நடுவில் கபடிக்கும் (13-க்கு 10) கோகோவுக்கும் (27-க்கு 16) இடம் இருக்கும். நீளவாக்கு வடக்கு-தெற்கா இருக்கட்டும், சாயங்கால வெயில் கண்ணில் அடிக்காது.

கட்டடம் இதுக்கு நேர்மாறு: கிழக்கு-மேற்கா நீளம், ஜன்னல் வடக்கிலும் தெற்கிலும், மேற்குச் சுவர் மூடினபடி, தெற்கே 8 அடி வராண்டா. அறை 20-க்கு 25 அடி. 12 வகுப்பு, 4 லேப், நூலகம், ஆசிரியர் அறை சேர்ந்தா 18. ஆக, 6 அறைமேல் ரெண்டு மாடி ஏத்தினா கணக்கு முடிஞ்சது. மண் பரிசோதனை பண்ணி, அஸ்திவாரமும் தூணும் மூணு தளத்துக்கு இப்பவே போடுங்க. படிக்கட்டு ரெண்டு கோடியிலும் வரணும். ஒண்ணு கட்டிட்டு மற்றதுக்கு இடம் விடுங்க.

தப்பு நடக்கிறது மொட்டைமாடியில் நீட்டி விட்ட கம்பியில்தான். பத்து மழையில் துரு செதில் செதிலா உரியும், அப்புறம் அதை நம்பி மேல தூண் எழுப்ப முடியாது. சிமெண்ட் பால் பூசி, 1:4:8 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) குட்டித் தூண் மாதிரி மூடிடுங்க. அது மெலிந்த கலவை, பிறகு சுலபமா உடைக்கலாம். தூணடியைச் சுத்தி சரிவாப் பூசாட்டி தண்ணி கீழே அறைக்குள்ள இறங்கும்.

நிலத்தடி:
மூலமட்டம் சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. போர்வெல் மேற்கு மேட்டில், செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் கிழக்குப் பள்ளத்தில், இடைவெளி 60 அடிக்குக் குறையக்கூடாது. உள்பாதை போடும்போதே குறுக்கே 4 அங்குல பிவிசி காலிக் குழாய் ரெண்டு புதைங்க: தண்ணிக்கு ஒண்ணு, கரண்டுக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒண்ணு. உள்ளே நைலான் கயிறு, முனையில் மூடி. மூடாத குழாயில் மண்ணும் எலியும்தான் மிஞ்சும். மண் மூடுறதுக்கு முன்னாடி டேப் பிடிச்சு ஃபோட்டோ எடுத்து, அளவு எழுதி ஆபீஸ் ஃபைலில் வைங்க. மேஸ்திரி மாறினா யாருக்கும் நினைவிருக்காது.

வராண்டாவையும் சேர்த்தா கூரை 400 சதுர மீட்டர் வரும். 900 மி.மீ. மழையில் 80 சதவீதம் பிடிச்சாலே வருஷம் 2.88 லட்சம் லிட்டர்.

வேம்படி:
சமையற்கூடம் தனிக்கட்டடமா, வகுப்பறைகளை விட்டுத் தள்ளி. கீற்றுக் கூரை எங்கேயும் வேண்டாம். 2004-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் போனது சமையற்கூடத் தீ கீற்றுக்குத் தாவினதால்தான். அறைக்கு ரெண்டு கதவு, வெளிப்பக்கம் திறக்கணும்.

வேம்பு, புங்கன், பூவரசு இந்த ஐப்பசி மழைக்கே நடுங்க, சுவரிலிருந்து 20 அடி தள்ளி. ஆலும் அரசும் கட்டடத்துப் பக்கம் கூடாது. தூங்குமூஞ்சி சீக்கிரம் நிழல் தரும், ஆனா காத்தில் கிளை முறியும். பிள்ளைங்க உட்கார்ற இடத்தில் வேண்டாம்.

குளக்கரை:
நன்றிங்க. காம்பவுண்டு சுவரை முதலில் கட்டிடலாமா?

மூலமட்டம்:
வேண்டாம். சர்வேயரை வச்சு அளந்து கல் நட்டு, இப்போதைக்குக் கம்பி வேலி போடுங்க. கிழக்கே மழைத்தண்ணி வெளியேற வழி விடாம சுவர் எழுப்பினா, முதல் பெருமழைக்கே தேங்கி சுவரைத் தள்ளிடும்.