பதில்: மாதிரி வீட்டுச் சுவர், இரண்டாம் தவணை

எல்லோருக்கும் வணக்கம்.

ஊரில் நாம் கட்டும் மாதிரி வீட்டின் கான்கிரீட் சுவருக்கு இரண்டாம் தவணைப் பணம் கேட்டு வந்த மடலைப் பார்த்தேன். முதல் தவணையை மறுபேச்சில்லாமல் அனுப்பியவன்தான் நான். ஆனால் போன மாதம் ஊருக்குப் போன அக்கா அந்தச் சுவரைப் படம் எடுத்து அனுப்பியதிலிருந்து கை வரவில்லை.

அச்சுக்குப் பலகைக்குப் பதில் துணி கட்டி அதற்குள் கான்கிரீட் கலவை ஊற்றுவதில் எனக்குத் தகராறு இல்லை. உபரித் தண்ணீர் துணி வழியே கசிந்துவிடுவதால் மேற்பரப்பு நன்றாக இறுகும், ஸ்பெயினில் கட்டடக் கலைஞர் மிகேல் ஃபிசாக் 1970களிலேயே பலகைக்குப் பதில் நெகிழும் பிளாஸ்டிக் தாளில் ஊற்றிக் காட்டியவர்தான். ஆனால் ஈரக் கலவை தண்ணீரைவிட 2.4 மடங்கு கனம். 3 மீட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் சதுர மீட்டருக்கு 7 டன்னுக்கு மேல் தள்ளும், துணி என்ன செய்யும்? சுவருக்குத் தொந்தி விழுந்திருக்கிறது. தையல் ஓரத்தில் கலவை இறங்காமல் ஜல்லி பல்லிளிக்கிறது, அக்கா விரலை விட்டுப் பார்த்தாளாம், கம்பியே தட்டுப்பட்டதாம். அண்ணன் அதை ‘டிசைனே அப்படித்தான்’ என்கிறார்.

அந்தப் பக்கம்தான் உர மூட்டை அடுக்கப் போகிறார்கள் என்பது யாருக்காவது நினைவிருக்கிறதா? அம்மோனியம் சல்பேட் கான்கிரீட்டையே அரிக்கும், பொட்டாஷில் உள்ள குளோரைடு கம்பியைத் துருவாக்கும், துரு உப்பினால் சுவர் உள்ளிருந்து வெடிக்கும். பூசி மறைத்தால் சரியாகிவிடுமா?

சுவரில் வரிசையாகக் குழாய்த் துளை விட்டிருப்பது மட்டும் அருமை. அறுவடை சமயத்தில் கழி செருகிப் பந்தல் இறக்கலாம், வேலை முடிந்ததும் உருவிவிடலாம், வீட்டில் ஆள் கூடினால் அதிலேயே உத்தரம் தாங்கவைத்து அறை எடுக்கலாம். சிலியில் கட்டடக் கலைஞர் அரவேனா 2004இல் பாதி வீடு கட்டிக்கொடுத்து மீதியைக் குடும்பங்களிடமே விட்டாரே, அந்த மாதிரி. யோசித்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

சித்தப்பா சிமெண்ட் மூட்டைக் கணக்கு கேட்டதற்கு ‘ஊர் மானம் போகிறது’ என்று பதில் வந்திருக்கிறது. கிணறு தூர்வாரிய கணக்கே இன்னும் வரவில்லை, அப்போது போகாத மானமா? அடுத்த சுவரை ஒரு மீட்டர் ஒரு மீட்டராக ஊற்றி, ஒழுங்காகத் தண்ணீர் விட்டு, 28 நாள் கழித்துப் படம் அனுப்புங்கள். பணம் அன்றே வரும்.

அப்புறம், இதற்கு இடம் விட பெரியப்பா வீட்டு மண்சுவரை இடித்தீர்களே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் உயரத்தை அப்பா கரிக்கட்டையால் கோடு போட்டது அதில்தான்.