கறுப்பனுக்கு நடக்கக் கூட்டிப்போகும் ஆளா, தங்கும் ஆளா?

ஹட்டன் அக்கா:
அடுத்த கிழமை கொழும்பில் மகள் வீட்டுக்குப் போகிறோம். எங்கள் நாய் கறுப்பனுக்கு வயசாகிவிட்டது, ராத்திரி தனியாக விட்டால் கதவைப் பிறாண்டி ஊளையிடுவான். காலை மாலை நடக்கக் கூட்டிப்போக ஆள் பிடிக்கவா, வீட்டிலேயே தங்க வைக்கவா?

பண்டாரவளை தங்கச்சி:
தங்கும் ஆள்தான் அக்கா. நடக்க வருகிறவர் அரை மணி நேரத்தில் போய்விடுவார். வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அது சரி. விசர்நாய் ஊசி அட்டையை எடுத்து வையுங்கள்.

டிக்கோயா தம்பி:
யார் வந்தாலும் பொழுது சாய்ந்தபின் வெளியே கூட்டிப்போக வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே தேயிலை மலையில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, நாயைத் தூக்கிவிடும். மழை பெய்தால் கால்விரல் இடுக்கு, காது மடிப்பெல்லாம் விரித்து, ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நகத்தால் மெல்லத் தள்ளி எடுக்கட்டும், பிய்க்கக் கூடாது.

ஹட்டன் அக்கா:
சரி தம்பி. நாங்கள் இருக்கும்போதே தங்கும் ஆளை ஒரு ராத்திரி வந்து தங்கச் சொல்கிறேன்.