அதிவேக ரயில்: பெட்டி உடலை நேரடியாக எர்த் செய்வதா, மின்தடை வழியாகவா?

மின்னோடி:
16 பெட்டிகள் கொண்ட என்700 ஷின்கான்சென் ரயிலின் மோட்டார்களுடைய மொத்தத் திறன் 17,080 கிலோவாட் என்பதால், முழு ஆற்றலில் ஓடும்போது 25,000 வோல்ட் மின்கம்பியிலிருந்து அது ஏறத்தாழ 680 ஆம்பியர் இழுக்கிறது. பேன்டோகிராஃப் (மின்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கூரைக் கை) வழியாக இறங்கும் இம்மின்னோட்டம், டிரான்ஸ்ஃபார்மரைக் கடந்த பின் அச்சு முனையிலுள்ள கார்பன் பிரஷ் மூலம் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் போய்ச் சேர வேண்டும். பெட்டி உடலையும் ஒவ்வொரு பெட்டியிலும் நேரடியாக எர்த் செய்தால், அதில் ஒரு பங்கு, எஃகைவிட எளிதில் கடத்தும் அலுமினிய உடலில் ஏறி, வேறோர் அச்சில் இறங்குகிறது. பிரஷ் தேய்ந்திருந்தால் அம்மின்னோட்டம் பேரிங்கின் உள்ளேயே பாய்கிறது. அப்படிக் கெட்ட பேரிங்கைப் பிரித்தால் வளையத்தில் வரிவரியான பள்ளங்களையும் கருத்துப்போன கிரீஸையும் காணலாம். உடலில் ஏறும் இந்தப் பங்கைக் குறைக்க, எல்லாப் பெட்டிகளிலும் அரை ஓம் அளவிலான மின்தடை வழியாக எர்த் செய்வதே முறை என்பது என் உறுதியான கருத்து.

இருப்புப்பாதை:
ஐயா, நோயைச் சரியாகச் சொன்னீர்கள். மருந்தை என்னால் ஏற்க இயலவில்லை. கூரையிலுள்ள வேக்குவம் பிரேக்கர் (ரயிலுக்கு உயரழுத்த மின்சாரத்தை இணைக்கும் முதன்மைச் சுவிட்ச்) மூடும் கணத்தில், உயரழுத்தக் கேபிளின் உறை வழியாக மைக்ரோ நொடி அளவிலான அலையொன்று பெட்டி உடலில் பாய்கிறது. இறங்கும் வழியில் மின்தடை நின்றால் உடலின் மின்னழுத்தம் சட்டென்று எகிறும். வேக உணரியின் கூடு அச்சு முனையின் பேரிங் உறையில், அதாவது தண்டவாளத்தின் மின்னழுத்தத்தில் இருக்க, அதன் கேபிள் உறை பெட்டி உடலோடு இணைந்திருந்தால், அந்த வேறுபாடு முழுவதும் உணரியின் தலையில்தான் விழும். சக்கரம் வழுக்குவதைக் கண்டறியும் கருவிக்கு வேகமே தெரியாமல் போவது சிறிய விஷயமன்று.

மின்னோடி:
16 பெட்டிகளின் மின்தடைகளும் இணையாக இருப்பதால், மொத்தம் 0.03 ஓம் அளவுக்குத்தான் வருகிறது. அதில் எவ்வளவு எகிறிவிடும்?

இருப்புப்பாதை:
அது மின்கம்பியின் 60 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்துக்கான கணக்கு. கடத்தியின் தூண்டம் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி என்று கொண்டால், 25 மீட்டர் தள்ளியுள்ள அடுத்த பெட்டியின் எர்த், 1 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 150 ஓமுக்கும் மேற்பட்ட தடைக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே அலைக்குத் தன் பெட்டியின் எர்த் மட்டுமே கைகொடுக்கும். பேன்டோகிராஃப் உள்ள பெட்டியை, குட்டையான, அகன்ற பின்னல் கம்பிகளால் நேரடியாகவே இணைக்க வேண்டும். மற்றப் பெட்டிகளில் மின்தடை வைப்பதற்கு எனக்கு மறுப்பில்லை.

அச்சாணி:
மின்தடைக்கு இணையாக, வேகமான அலையை எளிதில் விடும் ஒரு மின்தேக்கியை வைத்தால் இரண்டு குறையும் தீராதா?

இருப்புப்பாதை:
இணைப்புக் கம்பி ஒரு மீட்டர் நீண்டாலே பயன் பெரிதும் குறையும். பெட்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே அவ்வளவு நெருக்கமாகப் பொருத்த இடம் கிடைப்பது அரிது.

மின்னோடி:
பேன்டோகிராஃப் பெட்டிக்கு நேரடி எர்த் என்பதை ஒரு நிபந்தனையோடு ஏற்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரின் திரும்பு மின்னோட்டம் இறங்கும் பிரஷும் பெட்டி உடலின் பாதுகாப்பு எர்த் பிரஷும் ஒரே அச்சில் இருக்கக் கூடாது. இரண்டின் கம்பிகளும் பெட்டிக்குள் எங்கும் சந்திக்கவும் கூடாது. சந்தித்தால், திரும்பு பிரஷ் தேய்ந்த அன்றே, பல நூறு ஆம்பியர் பெட்டி உடலின் எர்த் வழியைப் பிடித்துக்கொள்ளும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.