அப்பாட பிடியில முழுக் குடும்பமும், என்ன செய்யலாம்?

எங்கட வீடு கிளிவெட்டிப் பக்கம், நான் டவுனில வேலை. அப்பாக்கு 70 தாண்டிட்டு ஆனா இன்னும் அவர் செருமினாலே வீட்டில எல்லாரும் கதைய நிப்பாட்டிடுவம். வயல் பெர்மிட், அம்மாட ஐடி காட், அண்ணாட பாங்க் புத்தகம் எல்லாம் அவற்ற ரங்குப்பெட்டிக்குள்ள, திறப்பு அரைஞாண் கொடியில. பெரும்போகம் முழுக்க அண்ணாதான் வயலில கிடக்கிறார், நெல்லு வித்த காசு அப்பாட கையில, பிள்ளைக்குப் பால்மா வாங்கவும் போய்த் தலையச் சொறிஞ்சுகொண்டு நிக்கோணும். ஒருக்கா எதிர்த்துக் கதைச்சதுக்கு பிள்ளையளுக்கு முன்னாலயே மண்வெட்டிப் பிடியால அடிச்சார். அம்மாவ சுகர் கிளினிக்குக்கும் விடுறார் இல்ல, தங்கச்சிக்கு கம்பஸ் கிடைச்சும் அனுப்பேல்ல. ஆராவது வாய் திறந்தா "காணில பேர வெட்டிப் போடுவன்" தான்.

வெருகல் பொடியன்: வயசு போன மனுசன், இன்னும் எவ்வளவு காலத்துக்கு. பொறுத்துப் போங்கோ, ஊர் சிரிக்கும்.

மூதூர்க்காரி: ஊர் சிரிக்கட்டும் தம்பி, அடி வாங்குறது ஊரில்லையே.
அக்கா, எல்டிஓ பெர்மிட் (காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில அரசாங்கம் குடுக்கிற காணிப் பத்திரம்) எண்டா அண்ணாட பேர அவர் மாத்தலாம்தான், அது வெறும் வெருட்டு இல்ல. ஆனா அம்மாவ வெட்ட ஏலாது. பின்னுரித்தில, அதாவது அவருக்குப் பிறகு காணி ஆருக்கெண்டு பதியிற இடத்தில, ஆர்ட பேர் இருந்தாலும் அவருக்குப் பிறகு மனுசிக்குத்தான் காணி, சீவிய காலம் வரைக்கும், விக்க மட்டும் ஏலாது. அவர் மோசம் போய் 6 மாசத்துக்குள்ள அம்மா காணிய பொறுப்பெடுக்கோணும், இத இப்பவே அண்ணாக்குச் சொல்லி வைங்கோ. பேரே போடாம விட்டா மூத்த ஆம்பிளைக்குத்தான் எண்டதும் 2022 திருத்தத்தோட போயிட்டு.

கோணேசர் மண்: அடிக்கு 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைச் சட்டம் இருக்கு. புருசன் பெண்சாதிக்கு மட்டும் எண்டு கனபேர் நினைக்கிறது, தகப்பன் பிள்ளைக்கும் பொருந்தும், விடாமக் கேவலப்படுத்திறதும் அதுக்குள்ள வரும். மஜிஸ்ரேட் கோட்டில பாதுகாப்புக் கட்டளை 12 மாசம் வரைக்கும் எடுக்கலாம், மறியலுக்குப் போடுற வழக்கு இல்ல. முதல்ல 1938 க்கு, அது பெண்களுக்கு உதவிற அரசாங்க நம்பர், அடிச்சுக் கதைங்கோ, இல்லாட்டி பிரதேச செயலகத்தில பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரப் பாருங்கோ. விதானையிட்ட (கிராம சேவகர்) மட்டும் போகாதேங்கோ, எங்கட பக்கம் ஒரு வீட்டில அவர்தான் அண்டைக்கே அந்த அப்பாட்ட வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுச் சொல்லிட்டுப் போனவர்.

கேட்டவர்: அம்மா கோட்டுக்கு வரமாட்டா, அது நிச்சயம். அண்ணா வருவார் போல. பெர்மிட் பெட்டிக்குள்ள, விவரம் வேற எங்கயும் எடுக்கலாமோ?

மூதூர்க்காரி: பிரதேச செயலகத்தில காணிப்பகுதியில கேளுங்கோ, பதிவு அங்க இருக்கும். அண்ணாவயும் கூட்டிக்கொண்டு போங்கோ. அதுக்கு முதல் தங்கச்சிட கம்பஸ் ரெஜிஸ்ட்ரேசன் டேட் முடிஞ்சிட்டோ பாருங்கோ, காணி எங்கயும் ஓடாது.