குட்டியே போடாத எலியும் தாய் மாதிரி நடந்துக்குதுன்னா ஹார்மோனுக்கு என்ன வேலை?

நிலாமதி:
பிரசவம் நெருங்கும்போது ப்ரோஜெஸ்டிரோன்ங்கற ஹார்மோன் சரிஞ்சு, ஈஸ்ட்ரடையாலும் (ஈஸ்ட்ரோஜன் வகை) ப்ரோலாக்டினும் (பால் சுரக்க வைக்கற ஹார்மோன்) ஏறுது, அதனாலதான் எலிக்கு குட்டிய பாத்துக்கற குணம் வருதுன்னு பாடத்துல இருக்கு. ஆனா அதே சாப்டர்ல, கன்னி எலிகிட்ட தினமும் குட்டிங்கள விட்டா சுமார் ஒரு வாரத்துல அதுவும் நக்கி, கூடு கட்டி, தூக்கிட்டு வந்து சேர்க்க ஆரம்பிச்சிடும்னும் போட்டிருக்கு. ரெண்டும் எப்படிங்க ஒண்ணா சரியாகும்?

வேர்_தேடி:
ரெண்டும் சரிதாங்க, வித்தியாசம் வேகத்துல இருக்கு. ரோசன்பிளாட்ங்கற ஆராய்ச்சியாளர் 1967ல காட்டினது என்னன்னா ஹார்மோன் சுரக்கற சினைப்பைய எடுத்துட்டாலும், மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பிய எடுத்துட்டாலும், ஏன் ஆண் எலியா இருந்தாலும்கூட, குட்டிங்களோட நாள்கணக்கா இருந்தா அந்த குணம் வந்துடுது. (கன்னி எலிக்கு பால் கிடையாது, அதனால குட்டிங்கள தினமும் மாத்திட்டே இருக்கணும்.) ஆனா பிரசவமான எலி அந்த நிமிஷமே ரெடி, அதுக்கு ஒரு வாரம் ஆச்சுன்னா குட்டி செத்தே போயிடும். 1968ல டெர்கெலும் ரோசன்பிளாட்டும் புதுசா குட்டி போட்ட எலியோட ப்ளாஸ்மாவ (ஹார்மோன் கலந்திருக்கற ரத்தத்தோட நீர்ப்பகுதி) கன்னி எலிக்கு ஏத்தி பாத்தாங்க, அந்த ஒரு வாரம் ரெண்டு நாள் மாதிரி சுருங்கிடுச்சு. ஹார்மோனோட வேலை அதுதான், காத்திருக்கற நேரத்த இல்லாம ஆக்கறது.

மௌனராகம்:
மூளைப் பக்கமும் பாத்தாதான் முழுசா புரியும். முதல் நாள் கன்னி எலிய கவனிச்சா குட்டிய லேசா மோந்து பாக்கும், உடனே பின்வாங்கி கூண்டோட அந்த மூலைக்கு போயிடும், ஏன்னா பழகாத குட்டி வாசனை அதுக்கு பயம். அந்த வாசனைத் தகவல் பயத்த கையாள்ற மூளைப்பகுதியான அமிக்டலா வழியா போய் விலகு விலகுன்னு தள்ளுது. மோப்பத்த தடுத்துட்டா கன்னி எலி சீக்கிரமே குட்டிகிட்ட வந்துடும், எனக்கு ரொம்ப பிடிச்ச ரிசல்ட் இது. எதிர்ப்பக்கம் ஹைப்போதலாமஸ் முன்பக்கத்துல மீடியல் ப்ரீஆப்டிக் ஏரியா இருக்கு, ஈஸ்ட்ரோஜன், ப்ரோலாக்டின், ஆக்ஸிடோசின் (பிரசவத்தப்ப சுரக்கற இன்னொரு ஹார்மோன்) மூணுக்கும் அங்க ரிசெப்டர், அதாவது அதுங்கள பிடிச்சு வேலை செய்ய வைக்கற ஏற்பி, உண்டு. ஹார்மோன் இத பலப்படுத்தினதும் பயம் அடங்கிடும், அங்கிருந்து ஆசையத் தூண்டற டோபமைன் பாதைக்கு சிக்னல் போய் குட்டிய தேடிப் போற ஆசை வரும். மைக்கேல் நூமன் 1970கள்லயே அந்த இடத்த சேதப்படுத்தி பாத்தாரு, தாய் எலி குட்டிய தூக்கறதும் கூடு கட்டறதும் நின்னுடுச்சு.

நிலாமதி:
அப்ப பிரசவத்துக்கு அப்புறமும் ஹார்மோன் தொடர்ந்து வேணுமா? ஆக்ஸிடோசின்தான் எல்லாம்னு எங்க பாத்தாலும் எழுதறாங்களே.

வேர்_தேடி:
இல்லைங்க, அப்படி எழுதறது தப்பு. 1979ல பெடர்சனும் ப்ராஞ்சும் கன்னி எலியோட மூளைக்குள்ள ஆக்ஸிடோசின் விட்டப்ப தாய் குணம் சட்டுனு வந்தது உண்மைதான், ஆனா அதுக்கும் ஈஸ்ட்ரோஜன் பின்னணி தேவைப்பட்டுது. அதுவும் ஆரம்பத்துக்குதான் முக்கியம், குணம் நிலைச்ச பிறகு ஆக்ஸிடோசின தடுத்தாலும் தாய் குட்டிய விடறதில்ல. அதுக்கப்புறம் குட்டிதான் தாய இழுத்துப் பிடிக்குது, அதோட வாசனை, நம்ம காதுக்கு கேக்காத அல்ட்ராசோனிக் சத்தம், வாயச் சுத்தியும் வயித்துலயும் படற தொடுகை. பிறந்த உடனே குட்டிய பிரிச்சு பல நாள் கழிச்சு குடுத்தா தாயோட ஆர்வம் மங்கிடும், ஆனா பிரிக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஒண்ணா இருந்திருந்தா அந்த அனுபவம் மூளையில தங்கிடுது, மறுபடி பாத்ததும் சீக்கிரமே சேர்த்துக்கும்.