த்ராம்போஃபிலியா: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

பரம்பரை இரத்த உறைவுக் கோளாறுகளைப் பற்றிய ஒரு மரபணு ஆய்வுக்கு ஒப்புதல் படிவத்தையும் குடும்பங்களுக்கான விளக்கத்தாளையும் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஹீமோஃபிலியாவில் சிக்கல் இல்லை. அந்தக் குடும்பங்களே அப்படித்தான் சொல்கிறார்கள். ‘குருதி உறையாமை’ என்று ஒருமுறை விளக்கிவிட்டால் போதும். மறுபக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன். காயமே இல்லாமல் சிரைக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு சிலருக்குப் பிறப்பிலேயே கூடுதல். அதுதான் த்ராம்போஃபிலியா. எனக்குக் கிடைத்த பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் ‘இரத்த உறைவு நோய்’ என்று இருக்கிறது. ஹீமோஃபிலியாவுக்கும் அதே தாளில் அதே பெயர். இரண்டும் ஒரே படிவத்தில் வரும்போது என்ன செய்வது?

என் கையில் இருப்பவை மூன்று: மிகையுறைவு, உறைவுப்போக்கு, உறைவேட்கை. உங்கள் கருத்து வேண்டும்.

தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, முதலில் இரத்தத்தை விடுங்கள். குருதி இருக்கிறது. குறுந்தொகையின் முதற்பாட்டே ‘குருதிப் பூவின் குலைக்காந்தட்டே’ என்றுதான் முடிகிறது. ‘குருவும் கெழுவும் நிறனாகும்மே’ என்பது தொல்காப்பிய உரியியல். அந்தக் குரு என்ற நிறப்பெயரிலிருந்தே குருதி பிறந்தது என்பது என் துணிபு. செவ்வாய்க் கோளுக்கும் குருதி என்று பெயர் உண்டு, நிறம்தான் காரணம். உருவும் குருவும் ஒரே வேரா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

உறைவேட்கை வேண்டவே வேண்டாம். கிரேக்கத்தில் ‘ஃபிலியா’ என்றால் அன்பு என்று பார்த்துவிட்டு வேட்கை என்று ஆக்கியிருக்கிறீர்கள். மருத்துவர் ஹோஃப் 1828-இல் ஹீமோஃபிலியா என்று எழுதியபோதே அது பொருந்தாச் சொல்தான். அந்தப் பொருத்தமின்மையை நாமும் பெயர்த்துக்கொண்டு வர வேண்டுமா?

உயிரியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, குருதியை நான் ஏற்கிறேன், பாடநூலிலும் இருக்கிறது. ஆனால் படிவத்தை நிரப்பப்போவது மாணவர்கள் இல்லை. வீட்டில் யாரும் ‘குருதி கொட்டுகிறது’ என்று சொல்வதில்லை.

எனக்கு உறைதல்தான் கவலை. நீர் பனிக்கட்டியாவதும் உறைதல், இரத்தம் கட்டியாவதும் உறைதல். என் வகுப்பில் ஒரு தேர்வுத்தாளில் ‘காயத்தில் காற்றுப் பட்டு இரத்தம் குளிர்ந்து உறைகிறது’ என்று எழுதியிருந்தது. அந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கும் பிள்ளை. சொல்தான் அதை ஏமாற்றிவிட்டது. ‘கட்டுதல்’ என்று போகலாமா? ஆனால் கட்டி என்றதும் புற்றுநோயோ என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

உறைதலுக்கும் குளிருக்கும் கட்டாய உறவு இல்லை, தாயே. புறநானூறு 276-ஐ எடுத்துப் பாருங்கள். ‘மடப்பால் ஆய்மகள் வள்ளுகிர்த் தெறித்த குடப்பால் சில்லுறை போல’ என்று வருகிறது. ஆய்மகள் நகத்தால் தெறித்த ஒரு துளி உறை குடம் பாலையும் மாற்றிவிடுகிறது. அதுபோல ஒற்றை வீரன் படை முழுவதற்கும் நோயானான் என்கிறது பாட்டு. அங்கே குளிர் எங்கே இருக்கிறது? நீர்மம் தன்னுள்ளேயே கட்டுப்படுவதுதான் உறைதலின் உள்ளம். உறைதல் என்றால் தங்குதல் என்ற பொருளும் இதனோடு சேரும்: ஓடுவது நின்று ஓரிடத்தில் தங்குகிறது. வானுறையும் தெய்வத்தில் இருப்பதும் இந்த உறைதானே.

குருதியியல் மருத்துவர் எழுதியது:

சில்லுறை பற்றி ஐயா சொன்னது என்னை நிறுத்திவிட்டது. நடப்பது ஏறக்குறைய அதுதான். முதலில் உண்டாகும் த்ராம்பின் (இரத்தத்தை உறையவைக்கும் நொதி) மிகச் சிறிதளவு. அது உறைவுக்கு உதவும் புரதங்களான ஐந்தாம் காரணியையும் எட்டாம் காரணியையும் தூண்டிவிட, அவை இன்னும் ஏராளமான த்ராம்பினை உண்டாக்குகின்றன. ஆகவே உறைவு இருக்கட்டும்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ‘நோய்’ என்ற சொல்லை அருகில் விடாதீர்கள். ஐந்தாம் காரணியின் மரபணுவில் வரும் ‘லைடன்’ மாற்றம் ஒரு படியில் (நகலில்) மட்டும் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடச் சிரையில் இரத்தக் கட்டி வருவதில்லை. வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். அறுவை சிகிச்சை, நீண்ட படுக்கை, கருத்தடை மாத்திரை, கர்ப்பம் போன்றவை சேரும்போது கவனமாக இருக்க வேண்டும். அண்ணனுக்குக் கட்டி வந்ததால் பரிசோதனைக்கு வரும் தங்கையிடம் ‘உனக்கும் நோய் இருக்கிறது’ என்று ஒரு தாள் சொல்லக்கூடாது. அப்படிப்பட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

‘மிகையுறைவு’ பற்றியும் யோசியுங்கள். லைடன் மாற்றத்தில் இரத்தம் மிகையாக உறையத் தொடங்குவதில்லை, தொடங்கியது நிற்பதில்லை. உறைவைத் தணிக்கும் புரதம் சி, ஐந்தாம் காரணியை 506-ஆம் இடத்தில் வெட்ட வேண்டும். அங்கே ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமின் வந்துவிட்டதால் வெட்டு சரியாக விழுவதில்லை. 1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் கண்டது இது.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

அப்படியானால் ‘அடங்கா உறைவு’?

தமிழாசிரியர் எழுதியது:

‘அடங்காமை ஆரிருள் உய்த்து விடும்’ என்று படித்து வளர்ந்தவர்களிடம் உன் குருதி அடங்காதது என்று சொல்வதா? பழி ஒட்டும். வேண்டாம்.

மருத்துவர் எழுதியது:

அறிவியலிலும் நிற்காது. புரோத்ராம்பின் மரபணுவின் 20210-ஆம் இடத்து மாற்றத்தில், த்ராம்பினாக மாறும் புரோத்ராம்பின் உண்மையாகவே கூடுதலாகச் சுரக்கிறது. அங்கே மிகைதான். ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தின் குறைவிலோ உறைவுத் தடுப்பான் போதவில்லை. மருத்துவர் எகெபெர்க் 1965-இல் நார்வேக் குடும்பம் ஒன்றில் கண்டது அது. வழிகள் பல, விளைவு ஒன்று. சொல்லை ஒரு வழியோடு கட்டிப்போடாதீர்கள்.

குடும்பத்திலிருந்து ஒருவர் எழுதியது:

நான் இந்தக் குழுவில் படிப்பவள் மட்டும், எழுதியதில்லை. என் தம்பிக்கு ஹீமோஃபிலியா. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

‘உறைவுப்போக்கு’ என்று தயவுசெய்து போடாதீர்கள். எங்களுக்குப் போக்கு என்றால் வயிற்றுப்போக்கு, இரத்தப்போக்கு. தம்பியின் மருத்துவக் கோப்பில் இரத்தப்போக்கு என்ற சொல் இல்லாத பக்கம் கிடையாது. உறைவுப்போக்கு என்று படித்தால் ஏதோ வெளியே போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வோம். நேர்மாறான பொருள்.

இன்னொன்று: அம்மாவை ‘நோய் கடத்தி’ என்று எழுதுகிறார்கள். அம்மாவுக்கே பல் பிடுங்கினால் நாள்கணக்கில் கசியும். கடத்தி என்று எழுதிவிட்டதால் அவளுக்கும் சிகிச்சை வேண்டும் என்று நீண்ட காலம் யாரும் பார்க்கவில்லை. அந்தச் சொல்லையும் மாற்றுங்கள்.

மருத்துவர் எழுதியது:

அக்கா சொல்வது மருத்துவப்படி முழுக்கச் சரி. எட்டாம் காரணியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆனால் ஒவ்வொரு செல்லிலும் அவற்றில் ஒன்று அடங்கிவிடுகிறது. எது அடங்கும் என்பது செல்லுக்குச் செல் மாறும். பிழையில்லாத மரபணுப் படி பெருமளவில் அடங்கிப்போன பெண்ணுக்குக் காரணி அளவு குறையும், கசிவும் வரும். அவரும் ஹீமோஃபிலியா உள்ளவரே.

இலங்கையிலிருந்து ஒருவர் எழுதியது:

கடத்திக்கு எங்கள் பாடநூல்களில் ‘காவி’ என்றுதான் வரும். காவுதல் என்றால் சுமத்தல். அதிலே பழி இல்லை. மற்றது, நீங்கள் எல்லாரும் ‘மாற்றம்’ என்று பொதுவாக எழுதுறீங்கள். நாங்கள் மியூட்டேஷனை விகாரம் என்று படித்தனாங்கள். நன்னூல் படித்தவர்களுக்கு அது இனிக்கும்: ‘தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்’. மரபணுவிலும் ஓர் எழுத்து புதிதாய்த் தோன்றும், ஒன்று இன்னொன்றாய்த் திரியும், ஒன்று கெட்டுப் போகும். மூன்றும் அப்படியே பொருந்துது.

தமிழாசிரியர் எழுதியது:

அருமை, ஐயா! ஆனால் விகாரம் வடசொல். தமிழகத்தில் இன்று கேட்பவர் காதுக்கு அது அருவருப்பு. தொல்காப்பியர் ‘மெய்பிறிது ஆதல் மிகுதல் குன்றல்’ மூன்றையும் சேர்த்தே திரிபு என்கிறார். ஆகவே திரிபு போதும், மரபணுத் திரிபு.

மருத்துவருக்கு ஒரு கேள்வி. எழுத்து நிலைமாறுவதும் மரபணுவில் உண்டா? தசை சதையாவது போல?

மருத்துவர் எழுதியது:

உண்டு, ஐயா. அதுவும் இந்த ஆய்வின் நடுவிலேயே. தீவிர ஹீமோஃபிலியா ஏ (எட்டாம் காரணி குறைவால் வருவது) உள்ளவர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்கு எட்டாம் காரணி மரபணுவின் 22-ஆம் இன்ட்ரான் (புரதத்துக்குக் குறிப்பு தராத இடைப்பகுதி) இடத்தில் ஒரு பெருந்துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கும். எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன, வரிசைதான் குலைந்திருக்கிறது. மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்த காலத்தில் பாதிப் பேருக்குப் பிழையே அகப்படவில்லை. 1993-இல்தான் காரணம் தெரிந்தது.

தமிழாசிரியர் எழுதியது:

அப்படியானால் அது ‘நிலைமாற்றுத் திரிபு’. எழுதி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

மூலச் சொல்லுக்கு வருகிறேன். காயத்தில் உறைவது வெளியுறைவு, அது காப்பு. நாளத்துக்குள்ளேயே உறைவது உள்ளுறைவு. த்ராம்போசிஸ் = உள்ளுறைவு. த்ராம்போஃபிலியா = உள்ளுறைவுத் தன்மை. இதைவிடச் செறிவாக ஒரு சொல் அமையாது.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, உள்ளுறை என்றால் உள்ளுறை உவமம் படித்தவர்களுக்குக் குறிஞ்சியும் களிறும் நினைவுக்கு வரும். படிக்காதவர்களுக்கு உள்ளே ஓர் உறை, தலையணை உறை போல ஒன்று. இருவருக்கும் சிரை நினைவுக்கு வராது.

மருத்துவர் எழுதியது:

எனக்கு உள்ளுறைவு பிடித்திருக்கிறது; ஆனால் சிறு காயத்திலும் உறைவு நாளத்தின் சுவரில்தானே தொடங்குகிறது? உள், வெளி என்ற கோடு அவ்வளவு நேராக ஓடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கசிவும் உறைவும் இரு எதிர்த் துருவங்கள் என்று படிவத்தில் எழுத வேண்டாம். 2009-இல் காலின் சிரையில் கட்டியோடு வந்த ஓர் இத்தாலிய இளைஞருக்கு ஒன்பதாம் காரணியின் 338-ஆம் இடத்தில் திரிபு இருப்பதைக் கண்டார்கள். அவருடைய காரணி இயல்பைவிட ஏறக்குறைய 8 மடங்கு வேலை செய்தது. பாதுவா என்று அதற்குப் பெயர். அதே திரிபுள்ள மரபணுவைத்தான் இப்போது ஹீமோஃபிலியா பி (ஒன்பதாம் காரணி குறைவால் வருவது) உள்ளவர்களின் கல்லீரலுக்குள் வைரஸ் உறையில் ஏற்றி அனுப்புகிறார்கள்; அமெரிக்காவில் 2022-இல் ஒப்புதல் கிடைத்த மரபணுச் சிகிச்சை அது. ஒருவருக்கு ஆபத்தாக வந்த எழுத்துப்பிழை இன்னொருவருக்கு மருந்து. நம் சொல் இந்த இரு வாசலுக்கும் பொதுவாக நிற்க வேண்டும்.

மொழிபெயர்ப்பவர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. இப்படி அனுப்புகிறேன்.

படிவத்தின் உடலில் எங்கும் ‘இரத்தம் எளிதில் உறையும் தன்மை’. நீளம்தான், ஆனால் படிப்பவர் நிற்காமல் போவார். சொற்பட்டியலில் ‘உறைவுத் தன்மை’, பக்கத்தில் த்ராம்போஃபிலியா என்று ஒலிபெயர்ப்பு, ஏனெனில் ஆய்வகத் தாளில் அதைத்தான் பார்ப்பார்கள். ‘நோய்’ எங்கும் இல்லை. ‘போக்கு’ இரத்தப்போக்குக்கு மட்டும். கடத்தி நீங்கியது, காவி நிறத்தோடு குழம்பும் என்பதால் ‘மரபணுத் திரிபு உள்ளவர்’ என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக எழுதிவிட்டேன். மருத்துவரும் உயிரியல் ஆசிரியையும் தம்பிக்காக எழுதிய அக்காவும் ஒத்துக்கொண்டார்கள். குருதியைச் சொற்பட்டியலில் வைத்திருக்கிறேன், ஐயா.

இலங்கையிலிருந்து எழுதியவர்:

காவி நிறம் எங்களுக்கும் இருக்குது, நாங்கள் குழம்புறதில்லை. ஆனாலும் அக்கா சொன்ன காரணத்துக்காக ஒத்துக்கொள்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:

படிவம் போகட்டும், அவசரம் புரிகிறது. ஆனால் ‘உறைவுத் தன்மை’ எல்லாக் குருதிக்கும் உண்டு. உறைவுத் தன்மை இல்லாத குருதி உள்ளவர்தானே ஹீமோஃபிலியா உள்ளவர்? அப்படியானால் இந்தச் சொல் நலமாக இருப்பவரைத்தான் குறிக்கிறது. இதற்கு யாரும் விடை சொல்லவில்லை. என் வாக்கு உள்ளுறைவுக்கே. அடுத்த பதிப்பில் எடுத்துக்கொள்வோம்.