நண்பரோடு கடல் கடந்த முதல் நாள்: மனதைவிட்டுப் போகாத ஒன்று

உவர்மலைக்காரன்:

பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறந்த கதையை விரித்து எழுதப் போவதில்லை. திருகோணமலையிலிருந்து வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர எங்களுக்கு எடுத்த நேரத்தில் அந்தச் சிறிய விமானம் சென்னைக்குப் போய்த் திரும்பியிருக்கும் என்பது போதும். இன்றுவரை என்னை உறுத்துவது திருவல்லிக்கேணியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசை.

அங்கே இருந்த பெரியவர் எங்கள் ஊரின் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்று, "சம்பந்தர் பாடின கோணமலையா?" என்று கைகூப்பினார். என் நண்பன், தன் அம்மா கட்டிக் கொடுத்துவிட்ட கோணேசர் கோயில் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்ட, அவர் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, நீளமான பதிவேட்டில் எங்கள் இருவர் பெயரையும் ஊரையும் அழகான கையெழுத்தில் எழுதினார். பிறகு ஆதார் அட்டை கேட்டார். நாங்கள் கடவுச்சீட்டுகளை மேசையில் வைத்தோம். அவர் அவற்றைத் திறக்கவேயில்லை. இழுப்பறையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து, எழுதிய இரண்டு வரிகளின் மேலும் வைத்து, பிசகாமல் இரண்டு கோடுகள் இழுத்தார். "ஃபாரினருக்கு இங்க ரூம் கிடையாது, தம்பி" என்றார். ஃபாரினர், தம்பி இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தன.

பாலையூற்று வாசகர்:

தம்பி, அந்தப் பெரியவரைக் குறை சொல்லும் தொனியில் எழுதியிருக்கிறீர், அது சரியன்று. இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் எந்த விடுதியும் 24 மணி நேரத்துக்குள், சி படிவம் என்று வழங்கும் வெளிநாட்டு விருந்தினர் விவரப் படிவத்தை நிரப்பி அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கென்று இணையத்தில் பதிவு செய்துகொள்ளாத சிறு விடுதிகள், பிறகு காவல் நிலையத்துக்கு அலைவதைவிட வாசலிலேயே மறுத்துவிடுவது நல்லது என்று நினைக்கின்றன. உறவினர் வீட்டில் தங்கினாலும், வீட்டுக்காரருக்கும் அந்தக் கடமை உண்டு என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

ஆகவே புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்து, "இலங்கைக் கடவுச்சீட்டு, சி படிவம் போடுவீர்களா?" என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். விசா அச்சுப்படி, கடவுச்சீட்டின் முதற்பக்க நகல், இரண்டு புகைப்படங்கள் ஆகியவற்றைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும், பெட்டிக்குள் அன்று. தங்குமிட முகவரியைத் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும், ஏனெனில் கைபேசி சரியான நேரத்தில்தான் அணைந்து போகும்.

கடைசி அறிவுரை என் அனுபவத்திலிருந்து வந்தது. முகவரி இல்லாததால் சென்னைக் குடிவரவு மேசையில் என்னை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பால் போய்விட்ட என் நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ சைகை காட்டிக்கொண்டேயிருந்தார். என்ன சொன்னார் என்பது இன்றுவரை அவருக்கும் நினைவில்லை.

மதுரைத் தோழி:

ஐயா சட்டம் சொல்லிவிட்டார்; நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். நானும் என் தோழியும் உங்கள் திருகோணமலைக்குத்தான் வந்தோம். கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கி, காலையில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். நாங்கள் எதையும் கேட்பதற்கு முன்பே ஒரு பையன் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை, பனிஸ் என்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு விருந்தாளிகளுக்குச் செய்யும் மரியாதை என்று தோழி உறுதியாகச் சொன்னாள். மரியாதையை மிச்சம் வைக்கக் கூடாது என்று முழுத் தட்டையும் தின்று தீர்த்தோம். சாப்பிட்டதற்கு மட்டும் எண்ணிக் காசு வாங்குவதும், மிச்சத்தை அடுத்த மேசைக்கு எடுத்துப் போவதும் உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கமாம். பையன் வெறும் தட்டை நெடுநேரம் பார்த்தான். பிறகு, "அக்கா, ரெண்டு பேரும் நேற்று சாப்பிடேல்லையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டான்.

அண்ணா, மொழி ஒன்று என்பதால் வழக்கமும் ஒன்று என்று நம்பிப் போனதுதான் நீங்களும் நாங்களும் செய்த பிழை.

உவர்மலைக்காரன்:

ஐயாவின் சி படிவத்தோடு எனக்கு வழக்கில்லை, தங்கச்சி சொல்வதையும் மறுக்கவில்லை. பேனாவால் ஒரு கீறல் போட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன், அடிமட்டம்தான் உறுத்துகிறது. சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. அந்தப் பெரியவர் வேறொரு விடுதியின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதித் தந்து, தெருவரை இறங்கி வந்து, ஓட்டோக்காரரிடம் எங்களுக்காகப் பேரம் பேசினார். அப்போதும் அவர் நெற்றியில் எங்கள் திருநீறு இருந்தது.

புதிய விடுதியில் படிவம் நிரப்பி முடிந்து, விளக்கை அணைத்த பிறகு, "பொட்டலத்தை அந்த மேசையிலேயே விட்டுவிட்டேன், போய் எடுத்து வரட்டோ?" என்று நண்பன் இருட்டில் கேட்டான். "அவரே வைத்துக்கொள்ளட்டும்" என்றேன். கோபத்தில் சொன்னேனா, வேறெதிலாவதா என்று அவன் கேட்கவில்லை.